ஓபர்மூல் வீட்டுக் கையெழுத்து

ஓபர்மூல் மாளிகை
6 ஜனவரி 1886

அன்புத் தங்கை மாலிக்கு,

அக்கா ஹெட்விக் எழுதிக்கொள்வது. நானும் மகன் யோஸ்டும் ஆண்டவர் தயவில் நலம். பனி விழுந்தால் என் முழங்கால் மட்டும் முனகுகிறது. உன் வீட்டுக்காரர் கெப்ஹார்ட், உன் மூன்று பெண்கள், உன் மாமியார் எல்லோரும் சுகம்தானே?

கோட்டையில் புத்தாண்டு விருந்து பிரமாதம். வாத்து கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது. சொல்லக் கூடாதென்றுதான் பார்த்தேன். மாதா கோயில் ஊர்வலத்தில் வழக்கம்போல உனக்குப் பின்னால் ஏழாவது ஆளாக நடந்தேன். நீ ஃபால்கன்ரீட் சிற்றரசி, நான் இளைய கிளையின் விதவை. கூடப் பிறந்தவள், அதிலும் மூத்தவள் என்பதெல்லாம் வீட்டோடு சரி. உன் கவுனின் பின்பக்கத் தையல் எனக்கு மனப்பாடமடி. இருபது வருஷமாக அதைத்தானே பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

ஆனால் இந்த முறை அது உறுத்தவே இல்லை. கெப்ஹார்ட் என் யோஸ்டைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "நவம்பர்ல இருபத்தொண்ணு முடியட்டும், என்கூட மந்திரிசபைக்கு வா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாரே, அது போதும். உனக்கு மூன்றும் பெண்ணாகப் போனதால் பட்டம் இளைய கிளைக்குத்தான், அதாவது என் பிள்ளைக்குத்தான், என்று உன் கோட்டைச் சமையல்காரியே பேசுகிறாள். என் வீட்டுக்காரர் கொன்ராட் இருந்து இதைப் பார்க்கவில்லையே என்பதுதான் என் குறை. அவர் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது.

இன்னொரு நல்ல செய்தி. எகன்டார்ஃப் கோமான் தன் பெண் தேக்லாவை யோஸ்டுக்குத் தரச் சம்மதித்துவிட்டார். நல்ல பெண். வாய் கொஞ்சம் நீளம், அது ஒரு குறையா? கோட்டையில் கிழக்குப் பக்கத்து மஞ்சள் அறை இருக்கிறதே, அதன் ஜன்னல் அகலம் எத்தனை முழம் என்று கேட்கிறாள். திரைக்குத் துணி பார்க்கிறாளாம். அவசரமில்லை, அளந்து எழுது.

உன் அக்கா,
ஹெட்விக்

❖

ஃபால்கன்ரீட் கோட்டை
2 பிப்ரவரி 1886

அன்புள்ள அக்காவுக்கு,

மாலி எழுதும் கடிதம். எல்லோரும் சுகம். உன் முழங்காலுக்குப் பன்றிக்கொழுப்பில் கற்பூரம் குழைத்துத் தடவு. வாத்து காய்ந்துபோனது உண்மைதான். சமையல்காரியிடம் சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை.

யோஸ்டைப் பற்றி அவர் தினமும் பேசுகிறார். "நல்ல பையன், கையில துப்பாக்கி நிக்குது, வாயில வார்த்தை நிக்கலை" என்று சிரிக்கிறார். தேக்லாவுக்கு என் வாழ்த்து.

மஞ்சள் அறை ஜன்னல் அகலம் மூன்றே கால் முழம். நானே நாற்காலி போட்டு ஏறி அளந்தேன். ஏறினதற்கு மாமியார் திட்டினார். "இந்த நேரத்துல உனக்கு எதுக்குடி நாற்காலியும் முழக்கோலும்?" என்றார்.

ஏன் திட்டினார் என்பதையும் எழுதிவிட வேண்டும். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். ஒரு மாதமாகக் காபி வாசனை எனக்கு ஆகவில்லை. முப்பத்தொன்பது வயதில் இதென்ன என்று நானே நம்பவில்லை. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஆகஸ்ட் என்கிறார்.

அக்கா, பெண்ணாகத்தான் இருக்கும். எனக்கு எப்போதும் அப்படித்தானே.

உன் தங்கை,
மாலி

❖

ஓபர்மூல்
21 மார்ச் 1886

அன்புள்ள மாலிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. வேலை. ஆலையில் பனிக்கட்டி உடைந்து மதகு போய்விட்டது.

உன் செய்தி கிடைத்தது. சந்தோஷம். நம் அம்மா நாற்பதில் ஒன்று பெற்று அதைப் பறிகொடுத்தது நினைவுக்கு வந்தது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஜாக்கிரதையாக இரு என்பதற்காகச் சொன்னேன்.

பெண்ணாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாய். அடி, நான் உன்னிடம் ஆறுதல் கேட்டேனா? ஆணோ பெண்ணோ, உன் வயிறு, உன் பிள்ளை. எனக்கென்ன?

எகன்டார்ஃப் கோமான் எழுதியிருக்கிறார். "நிச்சயத்தை ஆகஸ்ட் வரை ஒத்திவைப்பது இரு வீட்டுக்கும் கௌரவம்" என்று. தேக்லா திரைத்துணியைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டாளாம். யோஸ்ட் இரண்டு நாள் சாப்பிடாமல் வேட்டைக்குப் போய், ஒரு முயல்கூட இல்லாமல் வந்தான்.

ஜன்னலை அளந்ததற்கு நன்றி.

ஹெட்விக்

❖

ஃபால்கன்ரீட் கோட்டை
10 ஏப்ரல் 1886

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன். மதகைச் சீர்செய்ய ஆள் வேண்டுமென்றால் சொல், இங்கிருந்து தச்சர்களை அனுப்புகிறேன்.

தேக்லாவின் அப்பா செய்ததைக் கேட்டு எனக்கு மனசே சரியில்லை. என் கையில் என்ன இருக்கிறது சொல்.

ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. நானாக எழுதவில்லை, கோட்டைச் செயலர் ப்ரூக்னர் எழுதச் சொன்னார். குடும்ப ஒப்பந்தப்படி எனக்குப் பிரசவம் ஆகும்போது இளைய கிளையின் தலைமை ஆள் அறையில் நிற்க வேண்டும். என் மூன்று பெண்களுக்கும் கொன்ராட் அத்தான் வந்து நின்றார். பாவம், மூன்று முறையும் சுவரைப் பார்த்தபடியே நின்றுவிட்டு, முகம் வெளுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். யோஸ்டுக்கு நவம்பரில்தான் வயது வருகிறது. அதுவரை அவனுக்குக் காப்பாளர் நீ. ஆகவே நீதான் வர வேண்டும்.

ப்ரூக்னர் சட்டத்துக்காகக் கேட்கிறார். நான் அதற்காகக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. அறையில் பதினோரு பேர் நிற்பார்கள். அதில் ஒருத்தியாவது என் கையைப் பிடிக்கிறவளாக இருக்கட்டும்.

உன் மாலி

❖

ஓபர்மூல்
2 மே 1886

மாலிக்கு,

நலம். உன் நலத்துக்கும் பிரார்த்திக்கிறேன். பிரார்த்திக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் பிள்ளையின் இடத்தைப் பிடிக்க ஒரு குழந்தை வருகிறது. அது நிஜமாகவே வந்தது என்று நானே பக்கத்தில் நின்று, நானே பேனாவைத் தொட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தானே? தன் கண்ணைக் குத்திக்கொள்ளத் தானே ஊசி கொண்டுபோகிற கதை இது.

ஓபர்மூல் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட புதிதில் கொன்ராட் இந்த வம்சக் கதையைச் சொல்வார். அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனுக்குக் கோட்டை, நகரம், கிரீடம் வைத்த பருந்துச் சின்னம். தம்பிக்கு ஓபர்மூல் பள்ளத்தாக்கு, ஒரு ஆலை, மூன்று கிராமம், கிரீடம் இல்லாத மொட்டைப் பருந்து. அண்ணனுக்குப் பிள்ளை இல்லையென்றால் தம்பிக்குப் பட்டம். பதினைந்து வருஷம் கழித்து அண்ணி ஒரு ஆண்பிள்ளை பெற்றாள். "அது பெத்த பிள்ளை இல்லை, பின்வாசல் வழியா ரொட்டிக் கூடையில வந்த பிள்ளை" என்று தம்பி பெண்டாட்டி கிளப்பிவிட்டாள். ஏழு வருஷம் வழக்கு. கடைசியில் இந்த ஒப்பந்தம் வந்தது. மூத்த கிளையில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இளைய கிளை நேரில் நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

கொன்ராட் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பங்காளிக் காய்ச்சலுக்கு எங்க தாத்தாங்க எழுதி வச்ச மருந்துச் சீட்டு" என்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை. நான் அந்தத் தம்பி பெண்டாட்டி கட்சி.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் ஒவ்வொரு பிரசவமும் முடிந்து கொன்ராட் வீட்டுக்கு வந்து "பொண்ணு" என்று சொல்லும்போதெல்லாம் அவர் தட்டில் இரண்டு கரண்டி பாலாடை கூட வைப்பேன். மூன்று முறையும். அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். இப்படிப்பட்டவளைத்தான் கையைப் பிடிக்கக் கூப்பிடுகிறாய்.

இவ்வளவு எழுதினேன், மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். கெப்ஹார்ட் முதலில் நம் வீட்டுக்கு வந்தது என்னைப் பார்க்கத்தான். ஊருக்கே தெரியும். மூன்று நாள் என்னோடுதான் குதிரையில் போனார். நாலாம் நாள் அவர் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு பழத்தோட்டத்தில் ஒரு சுற்று நடந்தார். அன்று மாலை கெப்ஹார்ட் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் பெண் கேட்டு வந்த கடிதத்தில் உன் பெயர். ஆறு மாதம் கழித்து, "அவங்க பங்காளி ஒருத்தர் இருக்காரே, ஆலைக்காரர்" என்று என்னைக் கொன்ராடுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தோட்டத்தில் என்னதான் பேசினீர்கள்? இருபத்தோரு வருஷமாகக் கேட்க நினைத்து இன்று கேட்கிறேன்.

ஹெட்விக்

❖

ஃபால்கன்ரீட் கோட்டை
30 ஜூன் 1886

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. மற்றபடி குறையில்லை. ஓபர்மூல் பக்கம் செர்ரி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இங்கே மழையில் எல்லாம் வெடித்துவிட்டன.

மருத்துவர் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் என்கிறார். ஏழாம் தேதியிலிருந்து ரயில் நிலையத்தில் நம் வண்டி உனக்காக நிற்கும். எட்டு நாளானாலும் நிற்கும். கிழக்குப் பக்கத்து அறையை உனக்கென்று சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

பெண்கள் மூவரும் பெரியம்மா எப்போது வருவாள் என்று கேட்கிறார்கள்.

உன் மாலி

❖

ஓபர்மூல்
5 ஆகஸ்ட் 1886

மாலிக்கு,

கேட்டதற்குப் பதில் இல்லை, செர்ரி வெடித்த செய்தி இருக்கிறது. சரி.

என் முழங்கால் யானைக்கால் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. படி இறங்க முடியவில்லை. நம் வண்டிக்குதிரைக்கும் லாடம் கழன்று கால் நொண்டுகிறது. ஏழாம் தேதி ரயிலுக்கு வர முடியாது. முடிந்தால் அடுத்த வாரம் பார்க்கிறேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழை.

ஹெட்விக்

❖

ஃபால்கன்ரீட் கோட்டை
16 ஆகஸ்ட் 1886

அக்கா,

படுக்கையிலிருந்தே எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒன்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஆண்பிள்ளை பிறந்தான். பிழைத்தேன். அவனும் நன்றாக இருக்கிறான், தொண்டை மட்டும் மாதா கோயில் மணி மாதிரி.

ஓபர்மூல் வீட்டுக்கென்று கட்டில் கால்மாட்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வலி வரும்போதெல்லாம் அந்த நாற்காலியைத்தான் பார்த்தேன். கதவு திறக்கும் போதெல்லாம் நீதான் என்று நினைத்தேன். வெந்நீர்தான் வந்தது. எல்லாம் முடிந்ததும் ப்ரூக்னர் பதிவேட்டில் "இளைய கிளை: வரவில்லை" என்று எழுதி மை ஒற்றினார். யாரும் எதுவும் பேசவில்லை.

இப்போது பேசுகிறார்கள். உனக்கு நொண்டினது குதிரையா மனசா என்று ஊரில் பந்தயம் கட்டாத குறை. அதைவிட மோசமான பேச்சும் கிளம்பிவிட்டது. இந்த வயதில், அதுவும் ஆண், அதுவும் இளைய கிளை பார்க்காதபோது. பழைய ரொட்டிக் கூடையை மறுபடி எடுத்துவிட்டார்கள். நேற்றுச் சந்தையில் ரொட்டிக்காரி ஒருத்தி, "என் கூடையில இன்னிக்கு வெறும் ரொட்டிதாங்க" என்று கத்தினாளாம், ஒரே சிரிப்பாம். என் கடைசிப் பெண் ஐடா அதைக் கேட்டுவிட்டு வந்து, "அம்மா, தம்பி கூடையிலயா வந்தான்?" என்று கேட்டாள்.

மாமியார் சொல்கிறார்: "ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உன் அக்கா கையெழுத்து ஒண்ணுதான் மூடி. காலைப் பிடிச்சாவது வாங்கு."

ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. பிறந்த ஆறு வாரத்துக்குள் இளைய கிளை வந்து, தாய் இல்லாத அறையில் குழந்தையைத் தனியாகப் பார்த்து, திருப்தியானால் கையெழுத்திடலாம். செப்டம்பர் இருபதோடு ஆறு வாரம் முடிகிறது. தாண்டினால் விவகாரம் நடுவர் சபைக்குப் போகும். பட்டம் யாருக்கு என்பது வருஷக்கணக்கில் இழுக்கும். இழுக்கட்டும். ஆனால் நான் பெறாமல் பெற்றதாக நடித்தவள் என்ற பேச்சு என் சாவு வரைக்கும், அவன் சாவு வரைக்கும் கூட வருமே. அதுவரை பெயர் வைக்க வேண்டாம் என்று ஞானஸ்நானத்தையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பெயரில்லாமல் கிடக்கிறான்.

வா, அக்கா.

மாலி

❖

ஓபர்மூல்
27 ஆகஸ்ட் 1886

மாலிக்கு,

தாயும் சேயும் நலம் என்பதில் திருப்தி.

நீ கேட்பது சாட்சிக் கையெழுத்து. சாட்சி என்றால் பார்த்தவள். நான் எதைப் பார்த்தேன்? பிறந்து மூன்று வாரமான ஒரு குழந்தையைத் தொட்டிலில் காட்டினால், அது உன் வயிற்றிலிருந்து வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாக் குழந்தையும் சிவப்பாகத்தான் இருக்கும், எல்லாம் அழத்தான் செய்யும். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

நேற்றுக் காலைச் சாப்பாட்டில் யோஸ்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்: "அம்மா, நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆறு வாரம் சும்மா இருந்தாலே போதும்." தேக்லாவின் அப்பாவும் அதையே நாசூக்காக எழுதியிருக்கிறார். திரைத்துணி மறுபடி வாங்கப்படுகிறது.

சும்மா இருப்பதற்கு முழங்கால் வேண்டியதில்லை.

ஹெட்விக்

❖

ஃபால்கன்ரீட் கோட்டை
8 செப்டம்பர் 1886

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

பழத்தோட்டத்தில் என்ன பேசினோம் என்று கேட்டாய். சொல்கிறேன்.

அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆப்பிள் மரத்தடியில் நின்றார். "உங்க அக்காவுக்குப் போன வருஷம் செங்காய்ச்சல் வந்துச்சாமே. அதுக்கப்புறம் உடம்பு பழையபடி இருக்கா? நாளைக்கு ஒரு பிள்ளை பெத்துக்குற உடம்பா? உள்ளதைச் சொல்லும்மா, எங்க வீட்டுக்கு வாரிசு முக்கியம்" என்றார். உனக்கு ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று நானே கேட்டிருந்தேன். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். "அதை நான் எப்படிங்க சொல்றது, அவ என் அக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

எனக்குப் பதினெட்டு வயது. மூன்று நாளாக ஜன்னல் வழியாக நீங்கள் இருவரும் குதிரையில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சிரிப்பாய், அவர் சிரிப்பார். என் வயிறு எரியும். எல்லாம் உனக்கே முதலில் வரும்: புதுச் சட்டை, குதிரை, மாப்பிள்ளை. எனக்கு உன் பழையது. அவரையாவது முதலில் நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

எடுத்துக்கொண்டேன். என்ன கண்டேன்? பிள்ளை பெறாது என்று நான் நம்பவைத்த உடம்பு முதல் வருஷமே யோஸ்டைப் பெற்றது. மாமியார் அன்று என்னைப் பார்த்த பார்வை! அதன் பிறகு எனக்குப் பெண், பெண், பெண். ஊர்வலத்தில் நீ பின்னால் நடந்து வந்தாயே, நான் முன்னால் நிம்மதியாக நடந்தேன் என்றா நினைத்தாய்? உன் பக்கத்தில் உன் மகன் பூட்ஸ் சத்தம் கேட்கும். கொன்ராட் அத்தான் ஏதோ காதில் சொல்வார், நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். என் வீட்டுக்காரர் நல்லவர். இருபத்தோரு வருஷத்தில் என்னை ஒருநாள்கூட அப்படிச் சிரிக்கவைத்ததில்லை. நீ பாலாடை வைத்ததைச் சொன்னாய். நான் உன்னைப் பார்த்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனையைத் தவறவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

இதைச் சொன்னால் நீ வரமாட்டாய் என்று தெரியும். சொல்லாமல் உன்னை வரவழைத்தால் இரண்டாம் முறையும் ஏமாற்றினதாகும். என்னைத் தண்டிக்க வேண்டுமானால் நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பன்னிரண்டு நாள் சும்மா இருந்தால் போதும். உன் பிள்ளை சொன்னது சரிதான்.

மாலி

❖

ஃபால்கன்ரீட் ரயில் நிலையம்
20 செப்டம்பர் 1886, மாலை

மாலிக்கு,

திரும்பிப் போகிற ரயில் ஆறரைக்கு. காத்திருக்கிற அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா நிலைய அதிகாரியுடையது, மை சொட்டுகிறது.

இதற்குள் ப்ரூக்னர் உன்னிடம் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் வாயால் கேள்.

உன் கடிதம் வந்த அன்று நான் உன்னிடம் வரத்தான் கிளம்பினேன். சமையலறையில் வேலைக்காரிகள் "கூடை இளவரசர்" என்று சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். முதலில் நானும் சிரித்தேன். அப்புறம் நீ வெந்நீரைப் பார்த்து நானென்று நினைத்தது ஞாபகம் வந்து, சிரித்தவளை ஓங்கி ஒரு அறை விட்டேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னேன். அப்போதுதான் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். படித்துவிட்டுப் பெட்டியை மேலே ஏற்றச் சொன்னேன்.

ஒன்பது நாள் அந்தக் கடிதத்தோடு கிடந்தேன். உன்னைத் திட்ட எனக்குத் தெரிந்த வார்த்தை எல்லாம் தீர்ந்துபோயிற்று. குனிந்த தலையும் துடைத்த கண்ணும்! வாயைத் திறந்து பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். உன் திருட்டுப் புத்தியால் எனக்குக் கிடைத்தவர் கொன்ராட். அவரை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, உனக்கு நன்றி சொல்லவும் முடியவில்லை. என் கோபத்தைக்கூட முழுசாக எனக்கு விட்டுவைக்கவில்லையே நீ.

இன்று காலை யோஸ்ட் என் அறைக்கு வந்து, "இன்னிக்கு ஒருநாள்தான், முடிஞ்சுது" என்று கையைத் தேய்த்துக்கொண்டான். நான் எழுந்து தொப்பியை எடுத்தேன். "எங்கே?" என்றான். சொன்னேன். வாசலில் குறுக்கே நின்றான். "நீங்க என் அம்மாவா, அவங்க அக்காவா?" என்றான். அவன் கையை விலக்கிவிட்டு வெளியே வந்தேன். ஆலை வண்டியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ரயிலுக்கு வந்தேன்.

தொட்டிலை நீ இல்லாத தனி அறைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு எல்லோரும் விலகினார்கள். ப்ரூக்னர் மட்டும் பதிவேட்டோடு நின்றார். பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தான், அழத்தான் செய்தான். உன் ஜாடை இல்லை, கெப்ஹார்ட் ஜாடை இல்லை. எனக்கு உள்ளே ஒரு அல்ப சந்தோஷம் வந்தது, ஒளிக்க மாட்டேன். "என்னால எதுவும் சொல்ல முடியலை, ப்ரூக்னர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் போனேன். அப்போது போர்வையிலிருந்து இடது கையை வெளியே விட்டான். சுண்டுவிரல் மேல்கணுவில் உள்ளே மடங்கியிருந்தது. கொக்கி மாதிரி.

அது நம் அப்பாவின் விரல். எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை. யோஸ்டுக்குக்கூட வரவில்லை. கோட்டையில் இதைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. என் கையுறையைக் கழற்றி என் விரலை அவன் விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ப்ரூக்னர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அடடே!" என்றார். வேறு என்ன சொல்வார் அந்த மனுஷன். என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட நீ, உன்னிடம் இல்லாத என் விரலையும் எடுத்து உன் பிள்ளைக்கு வைத்துவிட்டாய்.

பதிவேட்டில் இப்படி எழுதினேன்: "பிரசவத்தை நான் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தேன். இது என் தங்கை வயிற்றுப் பிள்ளை. ஓபர்மூல் வீட்டுக்காக, ஹெட்விக்." ப்ரூக்னர் இரண்டு முறை மை ஒற்றினார்.

பக்கத்து அறையில் நீ நின்றது எனக்குத் தெரியும். உன் செருப்பு கீச்சென்றது. கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. திறந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன், இல்லை கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டுக்கும் நீ லாயக்கில்லை என்று நேரே படியிறங்கி வந்துவிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஏன் கையெழுத்துப் போட்டேன் தெரியுமா? நீ அன்று வாயை மூடிக்கொண்டு என் வாழ்க்கையை எடுத்தாய். இன்று நான் வாயை மூடிக்கொண்டு உன் மகன் வாழ்க்கையை எடுத்திருந்தால், நீயும் நானும் ஒன்றாகிப்போவோம். உன்னோடு ஒன்றாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு இடத்திலாவது உனக்கு மேலே நிற்க வேண்டும் என்ற ஆசை இன்னும் போகவில்லை. பொறாமைதான். அதற்கு நல்ல பெயர் வைக்க நீ முயற்சி பண்ணாதே.

நான் வீட்டுக்குப் போனால் யோஸ்ட் பேச மாட்டான். எகன்டார்ஃப் வீட்டில் மோதிரத்தைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். என் பிள்ளையின் இடத்தை என் கையால் எடுத்து உன் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு அவனுக்குப் பெயர் வைப்பீர்கள், மணி அடிப்பீர்கள். நீ அவன் தலையைத் தடவும் ஒவ்வொரு முறையும் இது உன் ஞாபகத்துக்கு வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரயில் வந்துவிட்டது.

அக்கா
ஹெட்விக்

எழுதி முடித்த பிறகு: தலையை அழுத்தித் தடவிவிடாதே. உச்சிக்குழி இன்னும் மூடவில்லை, பார்த்தேன்.